அரக்கு வைத்த நாற்காலி

நஜீமா கேட்டது ஒரு நாற்காலி. புதிதாக வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. நாலு காலும் ஒரே உயரத்தில் இருந்தால் போதும் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாள். அந்த ஒரு வரிக்கு அரசாங்கம் இவ்வளவு தூரம் கிளம்பி வரும் என்று தெரிந்திருந்தால், பேசாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலையைப் பார்த்திருப்பாள்.

அவள் வேலை பார்த்த இடத்துக்குப் பழம்பதிவுகள் மின்மயமாக்கல் இயக்ககம் என்று பெயர். புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே, பிரெஞ்சுக்காரன் கட்டிய மஞ்சள் கட்டடம். பெயர்தான் நீளம், வேலை ஒன்றுதான். அவன் எழுதி வைத்துவிட்டுப் போன பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவுகளைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இதை நடத்துவதற்கு இயக்குநர், துணை இயக்குநர், கண்காணிப்பாளர்கள் என்று மாடி நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஏற்றுவதற்குக் கீழ்த்தளத்தில் நஜீமா ஒருத்தி இருந்தாள்.

அவளும் நிரந்தரம் இல்லை, ஒப்பந்தம். வருஷா வருஷம் மார்ச் கடைசியில் இயக்குநர் ஒரு கையெழுத்துப் போட்டால் அடுத்த வருஷமும் வரலாம். போடாவிட்டால் வரக்கூடாது. ஊர் ஓரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கணவன் ஷஃபீக் வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து அவர்கள் வீடு அந்தக் கையெழுத்தின் மேல்தான் நின்றது. வேன் டிரைவர் யாராவது லீவு போட்டால் அவருக்குப் பதிலாக ஷஃபீக் ஓட்டப் போவான். யாரும் லீவு போடாத வாரங்கள்தான் அதிகம்.

இதற்கு நடுவில் நஜீமாவின் வலது கை மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. முதலில் சுண்டுவிரல் தவிர மற்ற விரல்கள் காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் சொன்னபடி கேட்கவில்லை. பிறகு மத்தியானமும் கேட்கவில்லை. காரணம் தெரியாதது ஒன்றுமில்லை. அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு கால் உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தது. அது சாயாமல் இருக்க இடது பக்கமாகச் சரிந்து உட்கார வேண்டும். மானிட்டர் பழைய கெஜட் கட்டுகளின் மேல் எங்கேயோ உயரத்தில் இருந்தது. கீபோர்டை வைத்த மேசையோ ஒரு காலத்தில் எந்தத் துரையோ நின்றுகொண்டு எழுதியது போலிருக்கிறது, அவள் நெஞ்சுக்கு வந்தது.

கை விஷயத்தை அவள் ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. கை போன டைப்பிஸ்டுக்கு எந்த இயக்குநர் கையெழுத்துப் போடுவான்? அதனால்தான் கையைப் பற்றி எழுதாமல் நாற்காலியைப் பற்றி எழுதினாள். விண்ணப்பத்தை மேலே கொண்டுபோகிற அட்டெண்டர் கொளஞ்சி அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“நஜீமாம்மா, நாற்காலி வேணும்னா எங்கியாவது ஒண்ணு தூக்கியாந்து போட்டுடறேன். இதை மேல குடுக்காதீங்க.”

“ஏண்ணே, கேக்கறது தப்பா?”

“தப்பில்லம்மா. கேட்டா குடுக்க மாட்டாங்க, அது பரவால்ல. கவனிக்க ஆரம்பிச்சிடுவாங்க. அதான் பயமா இருக்குது.”

நஜீமா சிரித்துவிட்டுக் கொடுக்கச் சொன்னாள். மறுநாளே இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

இயக்குநர் ஜானகிராமன் ஒரு தடவை அரசாங்கச் செலவில் பிரான்சுக்குப் பயிற்சிக்குப் போய்வந்தவர். போனது ஏதோ ஒரு பயிற்சிக்கு, கற்றுக்கொண்டு வந்தது தோளைக் குலுக்குவதற்கு. எதைச் சொன்னாலும் சொல்லி முடித்ததும் தோளை ஒரு குலுக்குக் குலுக்குவார்.

“உக்காருங்கம்மா. வேணாம், நில்லுங்க. சரியான நாற்காலி இல்லாம உங்களை உக்கார வைக்கிறதை நான் இனிமே அனுமதிக்க முடியாது,” என்று ஆரம்பித்தார். “இதை நாற்காலிப் பிரச்சினையாப் பாக்காதீங்க. நாற்காலி ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டா பிரச்சினை அங்கியே முடிஞ்சிடும். முடிஞ்சிட்டா அப்புறம் நாம எதைத் தீர்க்கிறது? பிரான்சுல ஒவ்வொருத்தனும் தன்னோட முழங்கையைப் பத்தி யோசிக்கிறான். நம்ம நாட்டுல முழங்கைன்னு ஒண்ணு இருக்கறதே அடிபட்டாத்தான் தெரியுது. டெல்லியிலேர்ந்து சர்க்குலர் வந்திருக்கு. பாதுகாப்பான கணினி இருக்கைக்கு விருது தராங்க. அந்த இருக்கை, நீங்க உக்கார்ற இடத்துல வரப்போகுது.”

தோளைக் குலுக்கினார். நஜீமாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கொளஞ்சி அண்ணனுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினாள்.

பாதுகாப்பான இருக்கைக் குழு அந்த வாரமே அமைந்தது. குழு உட்கார்ந்து பேச வசதியில்லை என்று முதல் கூட்டத்தில் சோபா வாங்கத் தீர்மானம் போட்டார்கள். இரண்டாவது கூட்டம் சோபாவில் நடந்தது. அதில், கீழ்த்தளத்தில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி மனித உடம்புக்குக் கேடு என்று ஏகமனதாக முடிவாகி, அதைக் கைப்பற்றி ‘அபாயம்’ என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டி ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். கீழே இருந்த மற்ற நாற்காலிகளும் சந்தேகத்துக்கு உரியவை என்று மாடிக்குப் போயின. புதிது வரும்வரை நஜீமா எதில் உட்காருவது என்று யாரும் கேட்கவில்லை. அது குழுவின் வரம்புக்குள் வரவில்லை. பிப்ரவரி முழுக்க அவள் கெஜட் கட்டுகளை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

நோன்பு மாதம் பிறந்த சமயத்தில் நாற்காலி வந்தது. கறுப்பு நிறம், வலை முதுகு, அடியில் ஐந்து சக்கரம். உயரத்துக்கு ஒரு பிடி, சாய்வதற்கு ஒரு பிடி, கைவைக்கும் கட்டைக்குத் தனியாக ஒரு பிடி. கூடவே ஏற்றி இறக்கக்கூடிய மேசை, திருப்பக்கூடிய மானிட்டர். நஜீமா உறை பிரிக்காத நாற்காலியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். தன் பெயரில் வீடு பதிவானால்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

உட்காருபவரின் உடம்பை அளந்து அதற்கேற்ப எல்லாவற்றையும் அமைக்க வேண்டும் என்று சர்க்குலரில் இருந்தது. அளவெடுக்கும் பதவி எதுவும் துறையில் இல்லாததால், டிரைவர்களுக்குச் சீருடை தைக்கும் தையல்காரரை வரவழைத்தார்கள். அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நஜீமா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

“ஒரு நிமிஷம்,” என்றார் இயக்குநர். “இந்த சீட் யாருது?”

“நாந்தான் சார் உக்கார்றேன்,” என்றாள் நஜீமா.

“உக்கார்றது நீங்க. சீட் யாருது?”

கண்காணிப்பாளர் ஃபைலைப் புரட்டிவிட்டு, அந்த இடத்துக்கு அனுமதிக்கப்பட்ட பதவியில் இருப்பவர் கலியபெருமாள் என்றார். நஜீமா ஏழு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறாள். கலியபெருமாள் என்ற பெயரை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள்.

“பாத்தீங்களா?” இயக்குநர் குழுவைப் பார்த்துச் சொன்னார். “அவசரப்பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? ஒப்பந்த ஊழியரோட அளவுக்கு நிரந்தர நாற்காலியைப் பண்ணி வச்சிருப்போம். அவங்க நாளைக்கே போயிடலாம். போஸ்ட் எங்கியும் போகாது. நாம பாதுகாக்க வேண்டியது போஸ்ட்டோட முதுகெலும்பை.”

கலியபெருமாள் டெபுடேஷனில் ஒரு பெரிய இடத்து வீட்டில் இருந்தார். வைத்திக்குப்பத்தில் படகு வந்ததும் மீன் பேசி வாங்குவதும், அந்த வீட்டு நாய்களை மாலையில் நடத்திக் கூட்டிப்போவதும் அவருடைய அரசுப் பணி. ஆள் அனுப்பினார்கள். அவர் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாசல்படியில் குனிந்து நுழைகிற உயரம். நஜீமா அவர் மார்புக்குக்கூட வரமாட்டாள்.

“சீக்கிரம் அளந்துடுங்க, வஞ்சிரம் பேசி வச்சிட்டு வந்திருக்கேன். வெயில்ல கெட்டுடும்,” என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

தையல்காரர் அவர் முழங்காலையும் முழங்கையையும் இடுப்பையும் அளந்து சொல்லச் சொல்ல நாற்காலி உயர்ந்தது, மேசை உயர்ந்தது, மானிட்டர் உயர்ந்தது. கலியபெருமாள் உட்கார்ந்து சாய்ந்து, “ஜம்முனு இருக்குது சார்,” என்றார். பிறகு இயக்குநர் செய்ததுதான் விசேஷம். மெழுகுவர்த்தி கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு பிடியையும் துணியால் சுற்றி, அதன்மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, துறையின் பித்தளை முத்திரையைத் தன் கையாலேயே வைத்து அழுத்தினார்.

“இதை மாத்திக்கலாம்னு விட்டா எல்லாரும் மாத்திக்குவாங்க. அவனவன் உடம்புக்கு அவனவன் வச்சுக்கிட்டா அப்புறம் அளவெடுத்தது எதுக்கு? முத்திரையை உடைக்கிறது குற்றம். எல்லாருக்கும் சொல்லிடுங்க.”

எல்லாரும் என்று அங்கே இருந்தவள் நஜீமா ஒருத்திதான். கலியபெருமாள் வஞ்சிரத்துக்கு ஓடினார்.

மறுநாள் காலை அவள் அந்த நாற்காலியில் ஏறினாள். உட்கார்ந்தாள் என்று சொல்ல முடியாது, ஏறினாள். கால் இரண்டும் தரைக்கு எட்டாமல் தொங்கின. முதுகைச் சாய்த்தால் கீபோர்டு எட்டவில்லை, கீபோர்டை எட்டினால் முதுகு சாயவில்லை. கொடியில் துணி காயப்போடுகிறவள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டே டைப் அடிக்க வேண்டியிருந்தது. கெஜட் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தபோது மத்தியானம் மரத்த கை, இப்போது பத்து மணிக்கே மரத்தது.

கால் எட்டவில்லை என்று மட்டும் குழுவிடம் போய்ச் சொன்னாள். குழு சோபாவில் சாய்ந்துகொண்டு கேட்டது.

“இருக்கை பாதுகாப்பானதுன்னு சான்று ஆயிடுச்சு,” என்றார் இயக்குநர். “பாதுகாப்பான இருக்கையில அசௌகரியம் வராது. அப்படியும் வந்தா அது வெளியிலேர்ந்து வருது. வீட்டுல மாவு கீவு ஆட்டறீங்களா?”

“கிரைண்டர் இருக்குது சார்.”

“துணி?”

“கையாலதான் சார் தோய்க்கறேன்.”

“எழுதிக்கங்க,” என்றார் கண்காணிப்பாளரிடம். எழுதிக்கொண்டார்கள். அவளுக்குக் கிடைத்த தீர்வு, வீட்டில் துணி தோய்க்காமல் இருக்க வேண்டும் என்ற அறிவுரை.

அதற்குப் பிறகு குழு அவளைக் கவனிக்க ஆரம்பித்தது. கண்ணுக்கு ஓய்வு தர இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கும், உடனே வேலையை நிறுத்திவிட்டுத் தூரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். எதிரில் சுவர்தான் இருந்தது. பக்கத்து ஜன்னலைத் திறந்தால் தெருமுனையில் கடலே தெரியும். ஆனால் பாரம்பரியக் கட்டடம் என்பதால், பெயிண்ட் அடித்து ஒட்டிப்போன அந்த ஜன்னலைத் திறக்க இன்னொரு துறையின் அனுமதி வேண்டுமாம். ஆகையால் கடலைப் படம் பிடித்துப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டி, அடியில் ‘தூரம்’ என்று எழுதிவைத்தார்கள். மணி அடித்ததும் நஜீமா அதைப் பார்ப்பாள்.

அவள் கூனாமல் இருக்கிறாளா என்று பார்க்கக் கொளஞ்சிக்கு ஒரு விசில் கொடுத்து மூலையில் நிறுத்தினார்கள். கூனினால் ஊத வேண்டும். ஊதாவிட்டால் அவருக்கு மெமோ.

“கோச்சுக்காதீங்கம்மா,” என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் ஊதுவார்.

மணிக்கும் விசிலுக்கும் நடுவில் எவ்வளவு அடிக்க முடியுமோ அவ்வளவுதான் அவள் அடித்தாள். பதிவுகள் பாதியாகக் குறைந்தன. குறைந்தது மட்டும் மாடியில் உடனே தெரிந்தது. ‘இவ்வளவு வசதி செய்து கொடுத்தும் ஏன் வேலை குறைகிறது’ என்று விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் வந்தது. அதை அவளே டைப் அடித்து, கையெழுத்துக்கு மேலே அனுப்பி, திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஒருநாள் நோன்பு திறக்கும் நேரத்தில், வீட்டில், கஞ்சிக் கிண்ணம் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. பிடித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பிடித்திருக்கவில்லை. மகள் ஹனீன் துடைக்கத் துணி எடுக்க ஓடினாள். ஷஃபீக் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக அழுத்தினான்.

“இது தெரியுதா?”

“ம்.”

“இது?”

கையை இழுத்துக்கொண்டு, “ரினியூவல் கையெழுத்து ஆகட்டுங்க. அப்புறம் டாக்டர்கிட்ட போறேன்,” என்றாள்.

“நாளைக்கே போலாம் நஜீ. கை போயிட்டா கையெழுத்தை வச்சு இன்னா பண்ணுவ?”

“நாளைக்குப் போனா ரெஸ்ட் எடுன்னு சீட்டு எழுதிக் குடுப்பாங்க. அதைப் பாத்தா இவங்க என்னை வச்சுக்குவாங்களா?”

அதற்கு மேல் பேச ஷஃபீக்கிடம் சம்பளம் இல்லை. அதை நினைத்து அவன் வெட்கப்படுவது அவளுக்குத் தெரிந்தது, அது கை மரத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

பெருநாளுக்கு முந்தைய வாரம் டெல்லியிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் என்று தாக்கீது வந்தது. இயக்குநர் நஜீமாவை மேலே கூப்பிட்டார். அவளுடைய ரினியூவல் ஃபைல் மேசை நடுவில், பேனா பக்கத்தில், திறந்தே இருந்தது. அவள் பார்க்கட்டும் என்றுதான் வைத்திருந்தார்.

“இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியா முடிஞ்சா சாயந்திரமே போட்டுடறேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அதான் முக்கியம், ஒண்ணும் பண்ணக்கூடாது. கலியபெருமாள் வந்து உக்காருவார்.”

“அவருக்கு டைப் தெரியாதே சார்.”

“அவர் உக்காருவார்னுதானே சொன்னேன்? அடிக்கிறது நீங்க, பக்கத்துல நின்னு. உக்கார்றது ஒரு பொறுப்பு, வேலை செய்யறது வேற பொறுப்பு. ரெண்டையும் ஒரே ஆள் தலையில கட்டறதாலதான் இந்த நாட்டுல எல்லாருக்கும் முதுகுவலி.”

அவள் சரி என்றாள். ஃபைலைப் பார்த்துக்கொண்டே சரி என்றாள்.

வந்தவர் கார்குழலி என்ற அம்மாள், சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய் உயர்ந்தவர். பையிலிருந்து ஒரு பெரிய கோணமானியை எடுத்தார். கலியபெருமாள் சலவைச் சட்டையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் அவர் முழங்கையில் கோணமானியை வைத்துப் பார்த்தார், முழங்காலில் வைத்துப் பார்த்தார், கழுத்தில் வைத்துப் பார்த்தார்.

“செங்கோணம். எல்லாமே செங்கோணம். இந்தியாவுல இப்படி நான் பாத்ததில்லை,” என்றார்.

இயக்குநர் தோளைக் குலுக்கினார்.

“இப்ப வேலை செய்யுங்க. செய்யறப்ப அளக்கணும்.”

“நான் உக்கார வந்தவன்மா,” என்றார் கலியபெருமாள் சாதாரணமாக. “வேலை இவங்க.”

இயக்குநர் சைகை காட்டினார். நஜீமா முன்னால் வந்து, கலியபெருமாளின் தோளுக்குப் பக்கவாட்டில் நின்று, அவருடைய கையைத் தொடாமல், இடுப்பை வளைத்துக் கீபோர்டை எட்டினாள். கையை ஊன்ற இடமில்லை. காலையிலிருந்தே விரல்கள் மரத்திருந்தன. ஒரு பிறப்புப் பதிவை அடிக்க ஆரம்பித்தாள். பெயரின் முதல் எழுத்தில் வைத்த விரல் எடுக்க வரவில்லை. அந்த ஒரே எழுத்து திரையில் வரிவரியாக ஓட ஆரம்பித்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கித்தான் நிறுத்த முடிந்தது.

அறையில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். இத்தனை மாதமாக மறைத்தது எல்லார் கண்ணெதிரிலும் நடந்து முடிந்தது.

“யார் இந்தம்மா?” என்றார் கார்குழலி.

“அவங்க நிரந்தர ஊழியர் பட்டியல்ல இல்ல மேடம்,” என்றார் இயக்குநர். “அவங்களைக் கணக்குல எடுத்துக்க வேணாம். கொளஞ்சி, அந்தம்மா கூனியிருக்காங்க பாருங்க. உங்க டியூட்டி என்ன?”

கொளஞ்சி விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. இயக்குநர் திரும்பிப் பார்த்தார். கொளஞ்சி கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஊதினார்.

நஜீமா நிமிர்ந்தாள். கோபம் வந்தது என்று சொன்னால் போதாது. ரினியூவல், ஷஃபீக்கின் முகம், ஹனீனின் பள்ளிக்கூடம் எல்லாம் மனதில் வந்தன. வந்தும் அவள் கேட்டது இதுதான்:

“அண்ணே, கொஞ்சம் எழுந்திரிக்கிறீங்களா?”

“தாராளமாம்மா,” என்று கலியபெருமாள் சந்தோஷமாக எழுந்தார். அவருக்கும் நாய்களைக் கூட்டிப்போக நேரமாகியிருந்தது.

மேசையில் கிடந்த கத்தரிக்கோலை இடது கையில் எடுத்து நாற்காலிக்கு அடியில் குனிந்தாள். அரக்கு உடைகிற சத்தம் அந்த அறையில் நன்றாகக் கேட்டது. இயக்குநர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் துணியைக் கிழித்துவிட்டு, முழங்கையால் இருக்கையை அழுத்திப் பிடியைத் தூக்கினாள். நாற்காலி புஸ்ஸென்று இறங்கியது. பிறகு சாய்வுப் பிடியின் முத்திரை, கைக்கட்டையின் முத்திரை, மேசையின் முத்திரை, மானிட்டரின் முத்திரை. ஐந்தையும் உடைத்து, எல்லாவற்றையும் தன் உயரத்துக்கு இறக்கி, உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. முதுகு சாய்ந்தது. கை மேசைமேல் தானாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் விரல்களை மடக்கி விரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அந்தப் பிறப்புப் பதிவை அடித்து முடித்தாள்.

கார்குழலி அம்மாள் வந்து கோணமானியை வைத்துப் பார்த்தார். முழங்கை, முழங்கால், கழுத்து. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

“இதுவும் செங்கோணம்தான். ஆனா முத்திரை இல்லையே. முத்திரை இல்லாத இருக்கைக்கு நான் மதிப்பெண் போட முடியாது. உக்காந்திருக்கறவங்க பட்டியல்லயும் இல்லைங்கறீங்க. அப்ப இங்க யாரும் உக்காரலைன்னுதான் நான் எழுதணும்.”

கோணமானியைப் பையில் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார். விருதும் அவர் கூடவே போனது.

இயக்குநரின் முகம் அரக்கு நிறத்தில் இருந்தது. “மெமோ,” என்றார். “இப்பவே. பணிநீக்கம். உடனே டைப் அடிச்சு எடுத்துட்டு வாங்க.”

யாரும் நகரவில்லை. கண்காணிப்பாளர் கொளஞ்சியைப் பார்த்தார். கொளஞ்சி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “சார், டைப் அடிக்கிறது இவங்க ஒருத்தர்தான்.”

பிறகு இயக்குநர் நெருங்கி வந்து, உட்கார வேறு நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே, சொல்ல ஆரம்பித்தார். நஜீமா புதுப் பக்கத்தைத் திறந்தாள்.

“மேற்படி நஜீமா என்பவர், அரசு முத்திரைகளைச் சேதப்படுத்தி, இருக்கையைத் தன் உடம்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு, உயரதிகாரிகள் முன்னிலையில் எந்தச் சிரமமும் இல்லாமல் வேலை செய்து, துறைக்குப் பெருத்த களங்கம் விளைவித்துள்ளார். போட்டீங்களா?”

“போட்டுட்டேன் சார்.”

“ஆகையால் அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்பட மாட்டாது.”

அதையும் அடித்தாள். மார்ச் முழுக்க எந்த வாக்கியத்துக்குப் பயந்தாளோ அந்த வாக்கியம், அவள் கையாலேயே, பிழையில்லாமல் திரையில் வந்து நின்றது. வீட்டில் போய் எப்படிச் சொல்லப்போகிறோம் என்று தெரியவில்லை. பெருநாளைக்கு ஹனீனுக்கு என்ன எடுப்பது என்றும் தெரியவில்லை. ஆனால் இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை, பயப்படவும் ஒன்றும் மீதியில்லை. நாளைக்குக் காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் போகலாம்.

இயக்குநருக்கு மெமோ சொல்வதில் எப்போதுமே ருசி உண்டு. சொல்லச் சொல்லக் கோபம் குறைந்து குரலில் கம்பீரம் ஏறியது. பிரான்சை உள்ளே கொண்டுவந்தார், முழங்கையைக் கொண்டுவந்தார், நாட்டின் எதிர்காலத்தைக் கொண்டுவந்தார். ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றார். இடுப்பில் கையை ஊன்றி முதுகைப் பின்னால் வளைத்தார். சோபா மாடியில் இருந்தது.

நஜீமாவின் கட்டைவிரலில் மெதுவாக உணர்ச்சி திரும்பிக்கொண்டிருந்தது. பிறகு ஆள்காட்டி விரலில். ஒவ்வொரு எழுத்தையும் விரல்நுனியில் தொட்டுத் தொட்டு அடிப்பது எவ்வளவு சுகம் என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது. மெமோ முடிந்தால் எழுந்துவிட வேண்டும். அதனால் அவசரப்படாமல் அடித்தாள்.

“இத்துடன்,” என்று ஆரம்பித்து இயக்குநர் மூச்சு வாங்க நின்றார்.

நஜீமா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“நிதானமா சொல்லுங்க சார்,” என்றாள். “எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல.”